பெயர் வெட்டாத டம்ளர்

தோலை நனைத்த உடனே அதில் கத்தி வைக்கக் கூடாது. பஞ்சில் தண்ணீர் தொட்டு ஒற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கறுத்துப்போன தோல் மெல்லத் தன் பழைய நிறத்துக்குத் திரும்பும். அப்போது எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குளிர வேண்டும், ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் போட்ட கோடு நூறு ஆண்டு நிற்கும். அறுபது வயதுக்கு மேல் நானாகக் கற்றுக்கொண்ட கலையில் முதல் பாடம் இதுதான்.

நீதித்துறை நடுவர் அவர்களே, வாக்குமூலம் கொடுக்கும் முன் யோசிக்க எனக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தீர்கள். யோசிக்க வேண்டியதை நான் முன்பே யோசித்துவிட்டதால் அந்த நாளை எழுதுவதற்குப் பயன்படுத்திக்கொண்டேன். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டீர்கள். ஆம், வற்புறுத்தினார்கள். இதே ஊர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கும் என் மகன் அன்பரசன், வாக்குமூலம் கொடுக்கவே கூடாதென்று பத்து நாளாக வற்புறுத்துகிறான். காவல்துறையினர் வற்புறுத்தவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். டீ கொடுத்தார்கள். நான் வெளியில் டீ குடிப்பதில்லை என்றதும் விட்டுவிட்டார்கள்.

என் பெயர் வீ. வேடியப்பன். வயது அறுபத்தெட்டு. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து, ஒரு குறிப்பாணைகூட வாங்காமல் ஓய்வு பெற்றவன். எங்கள் பூர்வீகம் செங்கம் சாலையில் ஒரு கிராமம். அங்கே எங்களை மணியக்காரர் வீடு என்பார்கள். மணியம் போய் நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. பெயர் போகவில்லை. இப்போது வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள புதிய குடியிருப்பில் சொந்த வீடு. வீட்டுக்குப் பின்புறம் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதில்தான் நான் தோல் படங்கள் செய்தேன். அங்கேதான் மற்றதும் நடந்தது.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் கிரிவலப் பாதையில் நடப்பேன். ஐந்து ஆண்டுக்கு முன் ஒரு நாள், அடி அண்ணாமலை தாண்டும்போது, என் அளவைப் பையின் வார் அறுந்தது. பாதையோரம் ஒரு புளியமரத்தடியில் சாக்கு விரித்துச் செருப்பு தைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அதைக் கொடுத்தேன். அவள்தான் சந்திரம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்து, முட்டி தேய்ந்து, ஊர் திரும்பியவள்.

பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா சார் இது, உங்க வயசு இருக்கும் போல கீதே."

அரசாங்கம் கொடுத்த பை என்றேன்.

"அதான். நீங்க ரிடையர் ஆயிட்டீங்க, இது ஆவமாட்டேங்குது."

என்னிடம் இப்படிப் பேசுகிறவர்கள் கிடையாது. அவள் மடியில் கையகலத் தோல் துண்டு ஒன்று கிடந்தது. அதில் ஒரு மயில், ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தோலிலிருந்து எழுந்து நின்றது. யார் செய்தது என்று கேட்டேன். "நான்தான். சும்மா கெடந்த துண்டு, சும்மா கெடந்த கை" என்றாள்.

மறுநாளும் போனேன். தள்ளி நின்று பார்த்தேன். மூன்று மாதம் அப்படிப் பார்த்தேன். பார்ப்பதற்குப் பெயர் கற்றல் அல்ல. இந்த ஊரில் எல்லோரும் மலையைப் பார்க்கிறார்கள். யாரும் மலையாகிவிடவில்லை.

கோடு போடுவது எனக்குப் புதிதல்ல. முப்பத்து நான்கு ஆண்டு புலப்படம் வரைந்த கை. கருவிகள் வரவழைத்தேன், தோல் வாங்கினேன், முதல் படத்தில் ஒரு தேர் செய்தேன். தேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரம் கோழிமுட்டை போல ஆகிவிட்டது. போகிற வழியில் அதை அவளிடம் காட்டினேன்.

"இது வயித்துத் தோலு சார். இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். முதுகுத் தோல் வாங்குங்க. அதான் விறைப்பா நிக்கும், உங்கள மாதிரி."

நானே ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பேன். அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

என் மனைவி உண்ணாமலைக்கு இதில் விருப்பமில்லை. "செருப்பு தைக்கறதுக்கா முப்பத்தி நாலு வருஷம் கவர்மெண்ட்டு சோறு தின்னீங்க?" என்றாள். அவளுக்கு விளக்கினேன். கோயில் மேளத்தில் இருப்பது தோல். என் முப்பாட்டன் ஏறிய குதிரையின் சேணம் தோல். பொருளில் இழிவு இல்லை. பொருள் வேறு, அதைத் தொழிலாகச் செய்கிற கை வேறு. அவள் ஏற்றுக்கொண்டாள். தகர அறை கட்டியது அப்போதுதான். வேலை முடிந்ததும் வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். ஒரு நாளும் தவறியதில்லை.

பாதையோரம் நின்றால் தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள். அதனால் சந்திரம்மாளை அறைக்கு வரச் சொன்னேன். செவ்வாய், வியாழன் இரண்டு நாள், பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, பின்சந்து வழியாக. அக்கம்பக்கத்தில் கேட்டபோது தோட்டம் கூட்ட வருகிறவள் என்று உண்ணாமலை சொல்லிவைத்தாள். அது சந்திரம்மாள் காதுக்கும் போயிற்று. ஒரு வியாழக்கிழமை வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"தோட்டம் கூட்ட வர்றவளாமே நானு? வெளக்கமாறு எங்க சார்? வந்ததுக்குக் கூட்டிட்டாவது போறேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கோபப்படத் தெரியாதவள். கோபப்பட்டிருந்தால் வராமல் நின்றிருப்பாள், எனக்கு இந்த வேலை மிஞ்சியிருக்காது.

நான் மேசையில் உட்கார்ந்து செய்வேன். அவள் கீழே படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போலக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள் என்பாள். உளியை அடிக்காதீர்கள், அது தானாக நடக்கட்டும், கொட்டாப்புளிச் சுத்தி பின்னால் போனால் போதும் என்பாள். "கீழருந்து பாத்தா உங்க கை நடுங்கறது நல்லா தெரியுது சார்" என்பாள். அவள் பேசினாள், நான் செய்தேன். கூலி தருவதாகச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டாள். வெட்டித் தள்ளிய துண்டுகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போவாள். கூலி வாங்காத ஒன்றை எந்தக் கணக்கில் கற்பித்தல் என்று சொல்வது என்பதை நடுவர் அவர்கள் யோசிக்க வேண்டும்.

இனி டம்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். என் திருமணத்துக்கு வந்தவற்றில் என் தகப்பனார் பெயர், பிறகு வாங்கியவற்றில் என் பெயர். சந்திரம்மாள் வந்துபோக ஆரம்பித்ததும் உண்ணாமலை புதிதாக ஒரு டம்ளர் வாங்கி, அதில் பெயர் வெட்டாமல், மோட்டார் அறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். சந்திரம்மாள் வந்ததும் அதை எடுத்து நீட்டுவாள். நான் சொம்பிலிருந்து தண்ணீரை உயர்த்தி ஊற்றுவேன். குடித்துவிட்டு வெளிக்குழாயில் அவளே கழுவி ஆணியில் கவிழ்ப்பாள். ஐந்து ஆண்டில் நான் அந்த டம்ளரைத் தொட்டதில்லை. மாட்டிய பிறகு உண்ணாமலையும் தொட்டதில்லை. வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும்.

ஒரு முறை கேட்டாள். "உங்க வீட்டு டம்ளருக்கெல்லாம் பேரு கீது. எனுக்கு மட்டும் இன்னா சார், மொட்டையா கீது?"

"அத யாரு எடுக்கப் போறா? அது உன்னுதுதான்" என்றேன்.

"அப்ப சரி. என் சொத்துன்னு ஒண்ணு உங்க வீட்ல கீதுன்னு பொன்னிகிட்ட சொல்லிக்கறேன்" என்றாள். பொன்னி அவள் மகள்.

சென்ற ஆண்டு என் முப்பாட்டனாரைத் தோலில் செய்ய ஆரம்பித்தேன். மங்கிப்போன ஒரு புகைப்படம் உண்டு. குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைப்பாகை கட்டி, கையில் பிரம்பு. மூன்றடிக்கு இரண்டடி. எட்டு மாதம் எடுத்தது. குதிரை வந்தது, பிரம்பு வந்தது, தலைப்பாகையின் மடிப்பு ஒவ்வொன்றும் வந்தது. முகம் வரவில்லை. சப்பையாக, யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. நான்கு முறை நனைத்துச் செய்தேன். ஐந்தாவது முறை தோல் தாங்காது.

அன்று செவ்வாய். சந்திரம்மாள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவள் எழுந்து வந்தாள். கேட்கவில்லை. ஈரத் தோலைத் தூக்கி, அடியில் கையை விட்டு, பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் மூக்கைத் தள்ளினாள். பிறகு கன்னத்து எலும்பை. பிறகு மோவாயை. அரைத்த தோல்தூளைப் பசையில் குழைத்துப் பின்பக்கக் குழியில் அடைத்தாள். திருப்பி வைத்தபோது என் முப்பாட்டனார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாலருந்து தட்டிக்கினே இருந்தா மூஞ்சி வராது சார். பின்னாலருந்து ஒருத்தர் தள்ளணும்."

அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அது உண்மை, எழுதுகிறேன். அன்று இரவு சாப்பிட முடியவில்லை. அதுவும் உண்மை. தன் தெருவுக்குள் அவளுடைய ஆட்களைச் செருப்புப் போட்டு நடக்க விடாத மனிதர் அவர். அவர் முகத்துக்குள் அவள் கட்டைவிரல் இருந்தது. தோல் காய்ந்த பிறகு பின்னால் பார்த்தேன். ரேகை தெரிந்தது. அதன்மேல் பலகை அடித்து மூடினேன்.

இந்தப் பங்குனியில் வேங்கிக்காலில் ஒரு கண்காட்சி நடந்தது. படத்தை நடுச்சுவரில் மாட்டினார்கள். ஒரு செய்தியாளர் வந்து, யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார். யாரிடமும் இல்லை என்றேன். 'சுயமாகக் கற்ற மூத்த கலைஞர்' என்று படத்தின் கீழ் அட்டை வைத்தார்கள். பத்திரிகையிலும் அப்படியே வந்தது. சந்திரம்மாள் அதை வெட்டி எடுத்து வந்தாள். "போட்டோல நல்லா விறைப்பா கீறீங்க சார். குதிரைமேல கீற பெரியவர் கூட உங்க அளவுக்கு இல்ல" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்ததைவிடப் பண்பாக நடந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, சித்திரையில் ஒரு வியாழக்கிழமை, மஞ்சள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள்.

கைவினைப் பயிற்சி நிலையம் ஒன்றில் தோல்வேலை சொல்லித்தர ஆள் எடுக்கிறார்களாம். ஏற்கெனவே ஒருவருக்காவது கற்றுத்தந்திருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வீட்டுக்கே அலுவலர்கள் வந்து விசாரிப்பார்கள்.

"நாற்காலில ஒக்காந்து சொல்லிக் குடுக்கற வேலை சார். ரோட்ல குந்திக் குந்தி முட்டி போச்சு. எனுக்குன்னு கீற ஒரே ஸ்டூடண்ட் நீங்கதான்."

படிவத்தைப் படித்தேன். பொன்னியின் கையெழுத்து, அழகாக இருந்தது. பயிற்சி பெற்றவர் பெயர்: வீ. வேடியப்பன். தந்தை பெயர்: வீராசாமி. பயிற்சி நடந்த இடம்: அன்னார் இல்லத்தின் பின்புறம். நாட்கள்: செவ்வாய், வியாழன். காலம்: ஐந்து ஆண்டுகள். என் தகப்பனார் பெயர் அந்தத் தாளில் இருந்தது.

இதை எடுத்துக்கொண்டு போய்விடு என்றேன்.

"பொய்யா எழுதியிருக்கேன்? எது பொய்னு காட்டுங்க சார், அடிச்சிடறேன்."

நான் ஆயிரக்கணக்கான அளவைப் படிவங்களைச் சரிபார்த்தவன். ஒரு தப்படி பிசகினாலும் கண்டுபிடிப்பேன். மூன்று முறை படித்தேன். அந்தத் தாளில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அதிலிருந்த கோளாறு.

செவ்வாய்க்கிழமை வா, கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஐந்து நாளும் நான் பதற்றப்படவில்லை. ஒரு நிலத்தை அளப்பது போல எல்லாப் பக்கமும் அளந்து பார்த்தேன். தெரிந்த அலுவலர்களிடம் சொல்லி அவள் விண்ணப்பத்தை நிறுத்தலாம். ஆனால் சிபாரிசு என்பது என் வாழ்க்கையில் கிடையாது. இன்னொருவருக்கும் சொல்லிக்கொடு, அவர் பெயரைப் போட்டுக்கொள் என்று கேட்கலாம். கேட்டால் அவள் செய்திருப்பாள். ஆனால் அவளிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவது எனக்கு வராது. கையெழுத்துப் போட மறுக்கலாம், ஆனால் என் பெயர் உள்ள தாளை அவள் அப்படியே கொடுத்தாலும் விசாரிக்க ஆள் வரும். கையெழுத்துப் போட்டுவிட்டு, விசாரிக்க வருகிறவர்களிடம் மறுக்கலாம். கற்றேனா என்பது ஒரு கருத்து, அதை மறுக்கலாம். செவ்வாய், வியாழன் வந்தாளா, செய்முறை காட்டினாளா என்று கேட்பார்கள். அது தகவல். அரசு அலுவலரிடம் தகவலை மாற்றிச் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆகவே நான் பொய் சொல்லாமலிருக்க வேண்டுமானால், விசாரிக்க யாரும் வராமலிருக்க வேண்டும். விண்ணப்பிக்கிறவள் இல்லையென்றால் விசாரணை இல்லை. வேறு வழி இருந்திருந்தால் அதில் போயிருப்பேன்.

ஈரத் தோலில் இரும்பு பட்டால் கறுப்பாகக் கறை விழும். அதைப் போக்க ஒரு மருந்து உண்டு. அறையில் அது எப்போதும் இருக்கும். கையில் படக் கூடாது, வாயில் போகவே கூடாது என்று சந்திரம்மாளே சொல்லியிருக்கிறாள். புளிக்கும் என்பதும் அவள் சொன்னதுதான். கம்பெனியில் ஒரு பெண் தெரியாமல் நாக்கில் வைத்துவிட்டாளாம்.

செவ்வாய்க்கிழமை வெயில் கடுமையாக இருந்தது. உண்ணாமலை எலுமிச்சை ஜூஸ் போட்டு வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. ஜூஸைச் சொம்பில் எடுத்துப் போனேன். சந்திரம்மாள் வந்ததும் வழக்கம்போல ஆணியிலிருந்து டம்ளரை எடுத்து நீட்டினாள். வழக்கம்போல உயர்த்தி ஊற்றினேன்.

நிறத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னா சார் இன்னிக்கு, ஜூஸெல்லாம்?"

"வெயிலா இருக்கு. குடி."

ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "புளிப்பு ஜாஸ்தி சார். சக்கர கம்மி. அம்மா போட்டதா, நீங்க போட்டதா?"

"நான் போட்டது."

"அதான." முழுவதும் குடித்தாள். கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம், இன்னொரு நாளாக இருந்தால் வைத்திருப்பாள். அந்த வீட்டில் தண்ணீரைத் தவிர அவளுக்குக் கொடுக்கப்பட்ட முதல் பொருள் அது. மிச்சம் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன், சொன்னால் செய்வேன். தேதியும் போட்டேன். அவள் அதை மடித்து மஞ்சள் பையில் வைத்தாள். டம்ளரைக் கழுவினாள், ஆணியில் கவிழ்த்தாள். "வரேன் ஸ்டூடண்ட்டு" என்று சொல்லிவிட்டுச் சந்து வழியாகப் போனாள்.

அடி அண்ணாமலை போகும் ஷேர் ஆட்டோவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாளாம். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தாள். எனக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. அந்த இரண்டு நாளும் அவள் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லி, சார் கையெழுத்துப் போட்டுட்டார், பெரிய மனுஷர் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். சார் வீட்டில் ஜூஸ் கொடுத்தார் என்பதையும் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறாள். பொன்னிக்கு அந்த இடத்தில்தான் உறைத்திருக்கிறது. "அஞ்சு வருஷமா தண்ணிய தூக்கி ஊத்துனவரு அன்னிக்கு மட்டும் எதுக்கு ஜூஸ் குடுத்தாரு?" என்று அவள் காவல் நிலையத்தில் கேட்டாளாம். புத்திசாலிப் பெண்.

ஆய்வாளர் வினோதினி வீட்டுக்கு வந்தார். வயது குறைவு, ஆனால் முறை தெரிந்தவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அறையைப் பார்த்தார், மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டார். மோட்டார் அறைச் சுவரில் இருந்த டம்ளரை எடுத்தார்.

"இது உங்க வீட்டு டம்ளருங்களா ஐயா?"

வீட்டுக்கு வெளியே உள்ளது என்றேன்.

அவர் அதைக் கவிழ்த்தார். அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு எனக்குக் காட்டினார். தோலில் புள்ளி அடிக்கும் அச்சால் குத்திக் குத்தி எழுத்து வெட்டியிருந்தது. சந்திரா டீச்சர்.

எப்போது வெட்டினாள் என்று எனக்குத் தெரியாது. ஓர் ஆண்டாக இருக்கலாம், நான்கு ஆண்டாக இருக்கலாம். வாரம் இரண்டு முறை என் கண் முன்னால் அது நீண்டிருக்கிறது. நான் அதற்கு மேலிருந்து ஊற்றியிருக்கிறேன். தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"டீச்சர்னு போட்டிருக்கே. யாருக்குங்க ஐயா டீச்சர்?" என்று ஆய்வாளர் கேட்டார்.

அன்பரசன் நல்ல வழக்கறிஞன். பொன்னி சொல்வது சந்தேகம் மட்டுமே, சொம்பும் டம்ளரும் கழுவியாயிற்று, பார்த்தவர் யாருமில்லை என்கிறான். அவன் ஒரு வழி வைத்திருக்கிறான். சிறையில் என்னைப் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, ரெண்டே வரி. தோலுக்கு மருந்து கலக்குன டம்ளர், தெரியாம அதுல ஜூஸ ஊத்திட்டேன். எங்க வீட்ல எல்லா டம்ளரும் ஒண்ணுதான், நானும் அதுல குடிக்கறவன்தான், எனக்கே ஆகியிருக்கும். இத மட்டும் சொல்லுங்க. தற்செயல்னு ஆயிடும். வீட்டுக்கு வந்துடலாம்."

"அதுல நான் குடிச்சதில்ல" என்றேன்.

"தெரியும்பா. சொல்லுங்கன்றேன்."

"சந்திரா டீச்சர்னு பேர் வெட்டியிருக்கு."

"அது இன்னும் நல்லதுப்பா. மரியாதையா வெச்சிருந்தோம்னு ஆவும். டீச்சர்னு கூப்பிட்டோம், ஒண்ணா குடிச்சோம்னு சொல்லலாம். எந்த கோர்ட்டும் நம்பும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் என் தகப்பனாரின் மூக்கு. பின்னாலிருந்து யாரும் தள்ளாமல் தானாக வந்த மூக்கு. ஆனால் அவன் பேசியது எங்கள் பேச்சு அல்ல.

அடுத்த நாள் உண்ணாமலை வந்தாள். அழுதாள். "சொல்லித் தொலைங்களேன். ஒரு டம்ளர்தான" என்றாள். அதற்கு ஆணி அடித்தவள் அவள். நாற்பது ஆண்டாக அந்த வேறுபாட்டைக் காத்தவள். ஒரு டம்ளர்தான என்கிறாள். மணியக்காரர் வீட்டில் மிச்சம் நான் ஒருவன்தான் என்பது அன்று தெரிந்தது.

ஆகவே நடுவர் அவர்கள் முன் சொல்கிறேன். அந்த டம்ளரில் நான் ஒருபோதும் குடித்ததில்லை. குடிக்கவும் மாட்டேன். எங்கள் வீட்டில் எல்லா டம்ளரும் ஒன்றல்ல. அது அவளுக்கு மட்டுமே உரியது. அதனால்தான் அதில் ஊற்றினேன். வேறு யாருக்கும் தவறிப்போகாது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். தெரிந்தே, ஐந்து நாள் யோசித்து, என் கையாலேயே சந்திரம்மாளைக் கொன்றேன். தற்செயல் எதுவும் இல்லை. வருத்தம் உண்டா என்று கேட்பீர்கள். கொலைகாரன் என்று எழுதப்படுவதில் எனக்கு வெட்கமில்லை. என் முப்பாட்டனாரையும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அவர் தலைப்பாகை அதனால் சாயவில்லை.

எனக்கு இரண்டு கோரிக்கைகள்.

காவல்துறை அறிக்கையின் முதல் பக்கத்தில், என் பெயருக்கு முன்னால், 'இறந்துபோன சந்திரம்மாளிடம் ஐந்தாண்டுகளாகத் தோல்வேலை பயின்று வந்த' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிட வேண்டும். அடித்துவிட்டால் மீதி எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போடுகிறேன். நான் யாரிடமும் பயிலவில்லை. படத்தின் கீழ் இருக்கும் அட்டையில் உள்ளதுதான் உண்மை.

இரண்டாவது, அந்தப் படத்தை வழக்குச் சொத்தாகக் கொண்டுவந்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். பின்பலகையை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் உள்ளே அடைத்திருப்பது உதிர்ந்து, பெரியவரின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கினால் முன்பக்கம் தட்ட வேண்டாம், பின்னாலிருந்து கட்டைவிரலால் மெதுவாகத் தள்ள வேண்டும். சந்திரம்மாள் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள்.